அசையாமல் கிடந்தால் வலிக்கவில்லை என்று அர்த்தமா?

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் தாடைக்குக் கீழிருந்த கட்டியை டாக்டர் ஜான் காலின்ஸ் வாரன் அறுத்தார். அதற்குச் சற்று முன் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், கண்ணாடிக் குடுவையிலிருந்து ஈதர் ஆவியை அபட்டை முகர வைத்திருந்தார். கூடியிருந்தவர்கள் வழக்கமான அலறலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அலறல் வரவில்லை. அறுவையின் கடைசிக் கட்டத்தில் அபட் லேசாக அசைந்தார், ஏதோ முனகினார். பிறகு விசாரித்தபோது, கழுத்தில் எதையோ வைத்துச் சுரண்டியது போலிருந்தது, வலிக்கவில்லை என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு, அதே ஊரில், ஹொரேஸ் வெல்ஸ் என்பவர் சிரிப்பூட்டும் வாயுவைக் கொடுத்து ஒருவருக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். அந்த ஆள் கத்திவிட்டார். பார்த்தவர்கள் கேலி செய்து வெல்ஸை விரட்டாத குறை. பல் பிடுங்கப்பட்டவரோ, தனக்குப் பெரிதாக வலித்த நினைவு இல்லை என்று பிற்பாடு சொன்னார். யார் கேட்டார்கள்? கத்தினால் வலி, கத்தாவிட்டால் வலியில்லை. அன்றைய அளவுகோல் அவ்வளவுதான்.

ஈதர் காலத்து மயக்க டாக்டருக்கு நோயாளியின் உடம்பே கருவி. மூச்சின் போக்கு, கருவிழி எங்கே நிற்கிறது, கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது, தசை தளர்ந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து ஆழத்தைக் கணிப்பார். ஆர்தர் கெடல் என்ற மயக்க மருத்துவர் இந்த அடையாளங்களைப் படிப்படியாக வகுத்து அட்டவணையே போட்டுக் கொடுத்தார். 1942-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் க்யூராரேயை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு குழம்பிப் போனது. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் நஞ்சு அது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும், நினைவைத் தொடாது. அறுவை மருத்துவருக்கு வயிறு தளர்ந்து கிடைத்தது, பெரிய வசதி. ஆனால் வலித்தாலும் நோயாளியால் இனி விரலைக்கூட அசைக்க முடியாது.

இதன் கசப்பான விளைவைச் சுமந்தவை பச்சிளம் குழந்தைகள். பிறந்த குழந்தைக்கு நரம்பு முதிர்ந்திருக்காது, வலி தெரியாது என்ற நம்பிக்கை 1980-கள் வரை மருத்துவத்தில் உயிரோடு இருந்தது. குறைமாதக் குழந்தையின் நெஞ்சைத் திறக்கும்போதுகூடச் சிரிப்பூட்டும் வாயுவும் தசை தளர்த்தும் மருந்தும் போதும் என்று விட்டுவிடுவார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அந்தக் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். அசைவில்லாத அந்த உடம்புகளில் அழுத்த ஹார்மோன்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. கூடவே ஃபென்டனில் என்ற வலிநீக்கி கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றம் குறைவு, அறுவைக்குப் பின் சிக்கலும் குறைவு. 1987-இல் லான்செட் இதழில் இது வந்தபிறகுதான் வழக்கம் மாறத் தொடங்கியது. பேச முடியாதவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்பேன்.

அசைவின்மை என்ற அளவுகோலுக்குக் கடைசி அடி 1993-இல் விழுந்தது. ஆடுகளின் ரத்த ஓட்டத்தைப் பிரித்து, மயக்க வாயு மூளைக்கு மட்டும் போகும்படி செய்து பார்த்தார்கள். கிள்ளினால் ஆடு அசையாமலிருக்க, வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வாயு தேவைப்பட்டது. ஆக, கத்தி படும்போது உடம்பைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் மூளை அல்ல, தண்டுவடம். நோயாளி அசையவில்லை என்பதை வைத்து மூளையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

சரி, என்னதான் நடக்கிறது? தோலை வெட்டியதும் நரம்பு முனைகள் செய்தி அனுப்புகின்றன. அது தண்டுவடம் ஏறி, தலாமஸ் வழியாக மூளையின் மேற்பரப்பு வரை போகிறது. ப்ரோபோஃபால் போன்ற மயக்க மருந்து மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் குலைக்கிறது. அதனால் நினைவு இல்லை. செய்தி வரும் வழியை அது முழுதாக அடைப்பதில்லை. பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் தபால் விழுந்துகொண்டே இருக்கிறது. இதை வலி என்று சொல்லலாமா? வலி என்பது ஒருவர் உணரும் அனுபவம் என்பது உலக வலி ஆய்வுச் சங்கத்தின் வரையறை. அதன்படி இது வலி ஆகாது. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் வலி இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்றாகிவிடாது. அடி வாங்கிய தண்டுவட நரம்புகள் கூர்மையேறி, பிற்பாடு சின்னத் தொடுதலுக்கே துள்ளும் என்று 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் காட்டினார். நெஞ்சு அறுவை, கால் நீக்கம் முதலியவற்றுக்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் வலி தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அபட்டைக் கிடத்திய அதே பாஸ்டன் நகரம், 170 ஆண்டு கழித்து. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில், இதயத் துடிப்புக் கோளாறுக்கு ரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்திச் சுடும் சிகிச்சை. முழு மயக்கத்தில் இருந்த பதின்வயதினரின் தலையில் அகச்சிவப்பு ஒளி உணரிகளைப் பொருத்தினார்கள். இதயத் திசுவைச் சுட்ட, அல்லது உறைய வைத்த, சில நொடிகளில் மூளையின் முன்பகுதியில் ஆக்சிஜன் ஏந்திய ரத்தத்தின் அளவு இறங்கியது. விழித்திருப்பவருக்கு வலி உண்டாக்கும்போது தெரியும் அதே இறக்கம். சிலரின் பதிவுதான் தேறியது. சின்ன ஆய்வு, 2016-இல் வெளிவந்தது. அதை வைத்து ஆகாயக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் கத்தலையும் அசைவையும் விட்டு மூளையிடமே நேரடியாகக் கேட்கும் முயற்சி அது.

இன்றைய ஓ.டி.யில் அந்த ஒளிக்கருவி இன்னும் அன்றாடப் பொருளாகவில்லை. கத்தி தோலில் இறங்கும் நொடியில் மயக்க டாக்டரின் கண் மானிட்டரில் இருக்கும். 70-இல் ஓடிய பல்ஸ் 95-க்குத் தாவி, பி.பி.யும் ஏறி, மூடிய இமையோரம் கண்ணீர் கசிந்தால், தூக்க மருந்தை மட்டும் கூட்டுவதில் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்; கை ஃபென்டனிலுக்குப் போகும். பல அறுவைகளில், நோயாளி தூங்கிய பிறகும், அந்த இடத்து நரம்பைச் சுற்றித் தனியாக மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். தூங்குபவருக்கு எதற்கு இன்னொரு ஊசி என்று உறவினர்கள் கேட்பதுண்டு. க்ளீவ்லாந்தின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் க்ரைல் 1910-களிலேயே மயக்க மருந்தோடு இந்த ஊசியையும் சேர்த்துப் போட வாதாடியவர். ஈதர் தூங்க வைக்கும், வெட்டின் சேதியை மூளைக்குப் போகவிடாமல் தடுக்காது என்பது அவர் கட்சி. கத்திக்கு முன்பே போட்டால் பின்னால் வலியே தங்காது என்று இடையில் பெரிதாக நம்பினார்கள். சோதனைகள் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. ஊசி மட்டும் நிலைத்துவிட்டது. எழுந்ததும் முதல் சில மணி நேரம் தொல்லை குறைகிறது, மார்ஃபினும் குறைவாகத் தேவைப்படுகிறது.