புகழ் மண்டபத்துக்கு வெளியே நிற்பவர்கள்

1973 ஜூலை 20 அன்று நியூயார்க்கில் யாங்கீஸ் அணியும் சிகாகோ வைட் சாக்ஸ் அணியும் ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் ஆடின. இரண்டிலும் வைட் சாக்ஸ் அணிக்காக முதல் பந்தை எறிந்தவர் ஒரே ஆள்தான்: வில்பர் வுட். இரண்டிலும் தோல்வி. பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பந்தெறிபவரின், அதாவது பிட்சரின், பெயரிலும் எழுதி வைப்பார்கள். அந்த ஆண்டு முடிவில் வுட்டின் பெயரில் 24 வெற்றிகளும் 20 தோல்விகளும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அவர் 49 ஆட்டங்களைத் தொடங்கி 376 இன்னிங்ஸுக்கு மேல் பந்தெறிந்திருந்தார். இன்று ஒரு சீசனில் 200 இன்னிங்ஸைத் தொடும் பிட்சர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விரல்நுனியால் பற்றி, சுழற்சியே இல்லாமல் மெதுவாக எறியப்பட்டு, காற்றில் தள்ளாடிக்கொண்டு போகும் நக்கிள்பால் அவருடைய ஆயுதம். தோளை அது அதிகம் வருத்தாது. அதனால்தான் இத்தனை உழைப்பு அவருக்குச் சாத்தியமாயிற்று. பேஸ்பாலை ஊன்றிக் கவனிக்கும் அமெரிக்கர்கள் இன்றும் வுட்டின் பெயரைச் சொன்னால் முகம் மலர்வார்கள். மற்றவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது.

இப்படிப் பாதி மறக்கப்பட்டவர்கள் அந்த ஆட்டத்தில் ஏராளம். அமெரிக்காவின் மேஜர் லீக் போட்டிகளில் இதுவரை 20,000 பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரர்களாக இடம்பிடித்தவர்கள் 300-க்கும் குறைவு. அங்கே நுழைவது எளிதல்ல. குறைந்தது பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். பேஸ்பால் எழுத்தாளர்களோ, அவர்கள் விட்டவர்களைப் பரிசீலிக்கும் தனிக் குழுவோ அளிக்கும் வாக்குகளில் 75 சதவீதம் பெற வேண்டும். எழுத்தாளர்கள் 1936-ல் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அவர்களுக்கு அந்த 75 சதவீதம்தான் அளவுகோல். மகத்தானவர்களைப் பிரித்தெடுக்க இது நல்ல சல்லடை. ஆனால் ஒரு காலத்தில் அந்த ஆட்டம் எப்படி ஆடப்பட்டது, அதை நடத்தியவர்கள் எப்படி யோசித்தார்கள், அதில் உழைத்தவர்களின் உடம்பு என்னவாயிற்று என்று அறிய வேண்டுமானால், சல்லடையின் கீழே விழுந்தவர்களிடம்தான் போக வேண்டும். மகத்தானவர்கள் எந்தக் காலத்திலும் விதிவிலக்குகள். விதி எதுவென்று அவர்களால் சொல்ல முடியாது. அதனால் அரைகுறையாக நினைவில் நிற்கும் ஆட்டக்காரர்கள்மேல் ரசிகர்கள் வைக்கும் பிரியத்தை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. அது வரலாற்றை அறிவதற்கான வழிகளில் ஒன்று.

பேஸ்பாலில் இந்தப் பிரியம் வளர்வதற்கு அந்த ஆட்டத்தின் அமைப்பே காரணம். 1960-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. மிகச் சிறந்த பேட்டரே பத்து முயற்சிகளில் ஏழு முறை தோற்றுத் திரும்புவார். இத்தனை ஆட்டங்களையும் இத்தனை தோல்விகளையும் நான்கைந்து நட்சத்திரங்களால் மட்டும் சுமக்க முடியாது. சாதாரண ஆட்டக்காரர்களின் முகங்களும் மாதக்கணக்கில் ரசிகர் கண்முன் வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, 1952-ல் டாப்ஸ் நிறுவனம் பபுள்கம்மோடு சேர்த்து விற்ற பெரிய வண்ண அட்டைகள் ஒரு புதிய வழக்கத்தை நிலைநாட்டின: முன்பக்கம் படம், பின்பக்கம் அந்த ஆட்டக்காரரின் கணக்கு. நட்சத்திரத்துக்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் ஒரே அளவு அட்டைதான். நட்சத்திரமான மிக்கி மேண்டிலின் அட்டை கிடைக்காதா என்று பாக்கெட்டைப் பிரித்த சிறுவர்கள், யாரென்றே தெரியாத பத்துப் பேரின் பெயர்களையும் கணக்குகளையும் மனப்பாடம் செய்தார்கள்.

அந்த அட்டைகளில் மிக விசித்திரமானது 1975-ல் வெளிவந்த ஹெர்ப் வாஷிங்டனின் அட்டை. ஆட்டக்காரரின் இடம் எது என்று குறிக்கும் பகுதியில் அவருக்கு மாற்று ஓட்டக்காரர் என்று போட்டிருந்தார்கள். வாஷிங்டன் ஓட்டப்பந்தய வீரர். ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, வேறொருவர் அடித்து பேஸ் போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் பதிலாக ஓடுவதற்கென்றே இவரை வேலைக்கு எடுத்தார். இரண்டு சீசன்களில் 105 ஆட்டங்களில் களமிறங்கிய வாஷிங்டன் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத் திருடுவது என்பார்கள். அப்படி 31 பேஸ்களைத் திருடினார், 33 ரன்கள் எடுத்தார். 1974 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில், எதிரணி பிட்சர் மைக் மார்ஷல் அவரை முதல் பேஸிலேயே ஏமாற்றி ஆட்டமிழக்கச் செய்தது பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஐந்தாண்டுகள் கழித்து அதே ஓக்லண்டில் ஆடத் தொடங்கிய ரிக்கி ஹெண்டர்சன் மொத்தம் 1,406 பேஸ்களைத் திருடி, யாரும் நெருங்க முடியாத சாதனையை வைத்துப் போனார். ஹெண்டர்சனைப் பார்த்தால் மனிதரால் எவ்வளவு முடியும் என்று தெரிகிறது. 1974-ல் ஓர் உரிமையாளர் ஆட்டத்தை என்னவாக நினைத்தார், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆளை வைத்துவிடலாம் என்ற ஆசை எப்படி முளைத்தது, அது எங்கே இடறியது என்பவை வாஷிங்டனின் கதையில்தான் இருக்கின்றன.

மார்க் ஃபிட்ரிச்சின் கதை இன்னும் அழுத்தமானது. 1976-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு வந்த 21 வயது இளைஞர். சுருட்டை முடியும் நெட்டை உருவமும் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பெரிய பறவையை நினைவூட்டியதால் 'பறவை' என்றே பெயராயிற்று. கையில் இருக்கும் பந்தோடு பேசுவார். மண்டியிட்டுப் பந்தெறியும் மேட்டின் மண்ணைக் கையால் சமன் செய்வார். நல்ல கேட்ச் பிடித்த தோழரிடம் ஓடிப்போய்க் கைகுலுக்குவார். ஜூன் 28 அன்று நாடு முழுவதும் ஒளிபரப்பான ஆட்டத்தில் யாங்கீஸை வீழ்த்திய பிறகு அவர் எறியும் நாளெல்லாம் மைதானம் நிரம்பியது. அந்த சீசனில் 19 வெற்றிகள், 9 தோல்விகள். ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வந்தது. அடுத்த ஆண்டு பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டது. பிறகு தோள் போயிற்று. 1980-க்குப் பின் அவர் மேஜர் லீக்கில் ஆடவில்லை. மொத்தம் 29 வெற்றிகளோடு எல்லாம் முடிந்தது. தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருந்தது என்று மருத்துவர்கள் கண்டறிந்தது 1985-ல்.

ஃபிட்ரிச்சை நேசித்தவர்கள் அவருடைய குறும்புகளைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிரியத்தோடு அவருடைய கணக்கைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படும். அந்த முதல் சீசனில் அவர் தொடங்கிய 29 ஆட்டங்களில் 24-ஐ, மாற்று பிட்சர் யாரும் வராமல், கடைசிப் பந்துவரை தானே எறிந்து முடித்தார். 250 இன்னிங்ஸ். இன்று 30 அணிகளும் சேர்ந்து ஒரு முழு சீசனில் இப்படி முடிக்கும் ஆட்டங்களே சில பத்துகள்தான். இருபத்தொரு வயதுத் தோள் அப்படி உழைப்பதை அன்று யாரும் விபரீதமாகப் பார்க்கவில்லை. அவருடைய காயத்துக்கு இந்தச் சுமைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முழங்கால் வலியோடு எறியும் முறை மாறியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் பந்துகளை எண்ணி எண்ணி இளம் பிட்சர்களைக் காக்கும் இன்றைய வழக்கத்துக்கு முன்னால் வேலை எப்படி நடந்தது என்பதற்கு அவர் சாட்சி. வுட்டின் தோளும் ஃபிட்ரிச்சின் தோளும் ஒரே காலத்தின் எதிர்பார்ப்பைச் சுமந்தன. ஒன்று பல ஆண்டுகள் தாங்கியது, மற்றது ஒரு கோடைக்குப் பிறகு தாங்கவில்லை.

நினைவு பொய் சொல்லும் என்பது, பிரியம் வரலாற்றை அறியும் வழி என்பதற்கு எதிராக எழும் முதல் வாதம். அறுபது வயதுக்காரர் பத்து வயதில் பார்த்த ஆட்டத்தைப் பொன்னால் மெழுகித்தான் சொல்வார். உண்மைதான். ஆனால் பேஸ்பால் ரசிகரின் நினைவுக்கு ஒரு காவலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கும் நாளிதழ்களில் கட்டம் கட்டி வந்திருக்கிறது. 1969-ல் மேக்மில்லன் வெளியிட்ட பேஸ்பால் கலைக்களஞ்சியம் கணினி உதவியோடு எல்லா ஆட்டக்காரர்களின் கணக்கையும் ஒரே நூலில் திரட்டியது. 1971-ல் பதினாறு பேர் கூப்பர்ஸ்டவுனில் கூடி பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இவற்றால் பாசமும் சரிபார்ப்பும் ஒன்றாகவே வளர்ந்தன. சில சமயம் அதிகாரபூர்வமான ஏடுகளைவிட ரசிகர்களின் நினைவே நியாயமாக இருந்திருக்கிறது. 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கி அணிக்கு எதிராகத் தொடர்ந்து 36 பேட்டர்களை ஒருவர்கூட பேஸ் சேராதபடி வீழ்த்தினார். வழக்கமான ஆட்டம் 9 இன்னிங்ஸ். அவர் 12 இன்னிங்ஸ் அப்படி எறிந்தார். அவருடைய அணியோ ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 13-ஆவது இன்னிங்ஸில் 1-0 எனத் தோற்றார். 1991-ல் மேஜர் லீக் இத்தகைய ஆட்டங்களின் இலக்கணத்தைத் திருத்தி, ஆட்டம் முடியும்வரை காத்தால்தான் சாதனை என்று சொல்லி, அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் பலரைவிட ஹாடிக்ஸின் அந்த இரவைத்தான் ரசிகர்கள் விவரம் தவறாமல் சொல்கிறார்கள்.

பாசம் தரத்தைக் கெடுத்துவிடும் என்பது இரண்டாவது வாதம். இதற்கு வலுவான சான்று உண்டு. 1961-ல் பழைய நட்சத்திரமான டை காப் இறந்த பிறகு, பொருளாதாரப் பேராசிரியரான லாரன்ஸ் ரிட்டர் ஒலிப்பதிவுக் கருவியோடு நாடெங்கும் பயணம் செய்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய முதியவர்களைப் பேசவைத்தார். 1966-ல் வெளிவந்த அந்த நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதில் பேசியவர்களில் கூஸ் கோஸ்லின், ஸ்டான் கோவலெஸ்கி, ஹாரி ஹூப்பர், ரூப் மார்க்வார்ட் ஆகியோர் 1968-க்கும் 1971-க்கும் இடையே புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். 201 வெற்றி, 177 தோல்வி என்ற கணக்கோடு மார்க்வார்ட் அங்கே இருப்பது சரியல்ல என்று பலர் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரியாதை வேறு, பிரியம் வேறு. இரண்டாவதை முதலாவதின் நாணயமாக மாற்றினால் இரண்டுமே மதிப்பிழக்கும். ஆனால் மறுபக்கமும் உண்டு. டெட்ராய்டில் லூ விட்டேக்கரும் ஆலன் டிராம்மெலும் 1977 முதல் 1995 வரை அருகருகே ஆடினார்கள். டிராம்மெல் பின்னாளில் மண்டபத்துக்குள் போனார். விட்டேக்கர் 2001-ல், முதல் வாக்கெடுப்பிலேயே, 5 சதவீதம்கூடப் பெறாமல் பட்டியலிலிருந்து விழுந்தார். அந்த முடிவு தவறென்று சொல்லும் புள்ளிவிவர ஆய்வுகள் பிறகு வந்தன. அவரை மறக்காதவர்கள் இருந்ததால்தான் அந்தக் கேள்வி அதுவரை உயிரோடு இருந்தது.

மூன்றாவது வாதம்தான் மிகக் கடினமானது: பிரியம் யாருக்குக் கிடைக்கிறது? கண்ணில் பட்டவருக்குத்தான். 20-ஆம் நூற்றாண்டில் 1947 வரை கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கில் இடமில்லை. நீக்ரோ லீக் எனப்பட்ட தனிப் போட்டிகளில் ஆடியவர்களுக்கு பபுள்கம் அட்டையும் இல்லை, வெள்ளையர் நாளிதழ்களில் முறையான கணக்கும் இல்லை. நிறத்தடை உடைந்த பிறகும் வெளிச்சம் ஒருவர்மேல்தான் விழுந்தது. அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் வந்து பதினொரு வாரம் கழித்து, கிளீவ்லாந்து அணியில் அதே வசைகளுக்கு நடுவே ஆட வந்தவர் லாரி டோபி. ராபின்சன் 1962-ல் மண்டபத்தில் நுழைந்தார். டோபி 1998 வரை காத்திருந்தார். ஆக, பிரியம் தானாகவே நீதி செய்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அநீதி திருத்தப்பட்ட விதத்தைப் பாருங்கள். 1970-ல் ராபர்ட் பீட்டர்சன் எழுதிய நூலும், அதன்பின் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின வார இதழ்களைப் பக்கம் பக்கமாகத் துழாவிய ஆர்வலர்களின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தக் கணக்குகளை மீட்டன. மேஜர் லீக் 2020-ல் அந்தப் போட்டிகளுக்குச் சம அந்தஸ்து தந்தது. 2024 மே மாதம் கணக்குகளை ஒன்றாக்கியது. 0.372 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரியோடு, நீக்ரோ லீக்கில் ஆடிய ஜோஷ் கிப்சன் டை காப்பை முந்தினார். கிப்சனோடு சேர்ந்து, யாரும் கேள்விப்படாத 2,300-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் ஏட்டில் ஏறின. பிரியத்துக்கு எல்லை இருக்கிறது என்றால் அந்த எல்லையை அகலமாக்க வேண்டும். அதைக் கைவிடுவது தீர்வாகாது.

யார் மறக்கப்படுகிறார்கள் என்பதில் பணமும் இருக்கிறது. 1980-ல் மேஜர் லீக் ஓய்வூதிய விதி மாறியது. அதன்பின் ஆடியவர்களுக்கு 43 நாள் அணியில் இருந்தாலே ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன் நான்கு ஆண்டு வேண்டும். அந்த மாற்றம் பழையவர்களுக்குப் பொருந்தவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடி 1980-க்கு முன்பே விலகியவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் என்பதால் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்திலும் அவர்களுக்குக் குரல் இல்லை. 2010-ல் இதைப் பற்றி ஒரு நூல் வந்தது; 2011-ல் அவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் தர முடிவாயிற்று. முழு ஓய்வூதியம் அல்ல. ஆட்டக்காரர் இறந்தால் மனைவிக்குப் போகாது. நட்சத்திரங்களுக்கு இந்த நிலை வராது. நினைவின் ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் வந்தது.

எண்களெல்லாம் இன்று கைப்பேசியில் நொடியில் கிடைக்கின்றன. ஆனால் யாருடைய எண்ணைத் தேட வேண்டும் என்று எந்தக் கணினியும் தானாகச் சொல்லாது. ஒரு பெயர்மேல் யாருக்கோ அக்கறை இருந்தால்தான் தேடலே தொடங்கும். ரிட்டர் ஐந்தாண்டு தாமதித்திருந்தால் அவர் சந்தித்தவர்களில் சிலர் பேச உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். 1950-களிலும் 1960-களிலும் ஆடியவர்களும் அவர்களைப் பார்த்தவர்களும் இப்போது அதே வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியது, கூப்பர்ஸ்டவுனில் யாரைச் சேர்க்க வேண்டும் என்ற சச்சரவைவிட அவசரமான வேலை. அந்தச் சச்சரவை அடுத்த தலைமுறையும் ஏடுகளை வைத்து நடத்திக்கொள்ளலாம். இந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது.