ஏரித் திட்டும் எட்ட நின்ற கேமராவும்

ஏரிக்குள் தண்ணீர் சூழ நிற்கும் மண்மேட்டைத் திட்டு என்பார்கள். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் தீவு என்று சொல்லத்தக்கது இதுதான். சில திட்டுகள் இயற்கையாக எழுந்த மேடுகள். சில, தூர் வாரியபோது அள்ளிய மண்ணைக் கரைக்குக் கொண்டுவராமல் ஏரிக்குள்ளேயே குவித்ததால் உண்டானவை. அண்மைக் காலத்தில் ஏரிகளைச் சீரமைக்கிறவர்கள் பறவைகளுக்கென்றே திட்டு அமைத்து மரக்கன்று நடுவதும் உண்டு. பழைய திட்டுகளில் பெரும்பாலும் நாட்டுக் கருவேலமோ சீமைக் கருவேலமோ அடர்ந்திருக்கும். கரையில் நின்று பார்த்தால் முள்மரங்கள் நாலைந்து, அவ்வளவுதான். பறவைக்கு அந்த முள்மரமே வீடு.

பறவைகள் திட்டைத் தேடக் காரணம் அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர். நாய், பூனை, கீரி, மனிதர் என்று முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்தானவை பலவும் தரை வழியாக வருகின்றன. தண்ணீர் நிற்கும்வரை அந்த வழி அடைபட்டிருக்கிறது. நாரை இனங்கள் முட்டையிட்டு, ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சு பறக்கும்வரை வளர்க்க மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் ஏரி வற்றி, திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் அது வெறும் மேடு. அப்படி ஆகும் ஆண்டுகளில் பறவைகள் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. திட்டு நன்றாக இருக்கிறதா என்பதை மரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மார்ச் மாதத்திலும் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் சூழ்ந்த மரம் பறவைக்கு வீடாவதற்குத் தமிழ்நாட்டின் தலைசிறந்த சான்று செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய ஏரியில் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களும், பின்னாளில் திட்டுகளில் நட்ட கருவேல மரங்களும் பறவைக் கூடுகளைத் தாங்குகின்றன. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை உணர்ந்த ஊர்மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளையர் வேட்டையைத் தடுக்கும்படி கலெக்டரிடம் உரிமை கேட்டுப் பெற்றார்கள். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. சரணாலயம் என்ற பெயர் 1936-ல் வந்தது. 2022-ல் அது ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே ஊர் காப்பாற்றியது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி.

மேற்குப் புறநகர் ஏரிகள் வேடந்தாங்கல் போலப் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடங்கள் அல்ல. அவற்றின் பயன் வேறு. பறவை இரை தேடவும், இரவு தங்கவும், வலசை வழியில் இளைப்பாறவும் அவை இடம் தருகின்றன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் போகும்படி இவை சங்கிலியாக அமைந்தவை. ஆவடி பருத்திப்பட்டு ஏரி சுமார் 87 ஏக்கர். 2019-ல் நடைபாதை, படகுச் சவாரியோடு பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட பெரும் ஏரி. சிறிய ஏரியில் பறவை கிட்டத்தில் தெரியும். பெரிய ஏரியில் எண்ணிக்கை அதிகம், ஆனால் எட்டத்தில் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சிறிய ஏரியே ஏற்றது.

ஆண்டு முழுவதும் இங்கே காணக் கிடைப்பவை நீர்க்காகம், முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, மடையான், சாம்பல் நாரை, செந்நாரை, அரிவாள் மூக்கன், மீன்கொத்தி வகைகள். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் இரைக்காக வந்து போகும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு வலசைப் பறவைகள் சேர்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை ஆசியாவின் வடபகுதியிலிருந்து வருபவை. நீலச்சிறகி வந்து இறங்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். பிப்ரவரி வாக்கில்தான் ஆணின் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெளிகிறது. ஒரே ஏரிக்குப் பருவம் முழுவதும் தொடர்ந்து போகிறவருக்குக் கிடைக்கும் காட்சி இது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர் இதைத் தவறவிடுகிறார்.

பகலில் வெறிச்சென்று இருக்கும் திட்டு மாலையில் நிறைகிறது. கதிர் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி உண்ணிக்கொக்குகள், சின்னக் கொக்குகள், அரிவாள் மூக்கன்கள், நீர்க்காகங்கள் வரிசை வரிசையாக வந்து மரத்தில் அடைகின்றன. எல்லாம் அடங்கும் வேளையில், பகலெல்லாம் அதே மரத்தில் தூங்கிய வக்காக்கள் இரை தேடக் கிளம்புகின்றன. பறவைகளை எண்ண விரும்புகிறவருக்கு நாளின் சிறந்த நேரம் இதுவே. மரத்தில் உட்கார்ந்தவற்றை எண்ணுவது கடினம். கரையில் ஓர் இடத்தில் நின்று, உள்ளே வருபவற்றை மட்டும் இனவாரியாகக் குறித்துக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

படம் எடுக்கக் காலையே நல்லது. அதற்கு நில அமைப்பும் துணை நிற்கிறது. இந்த வட்டாரத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தண்ணீரைத் தடுக்கப் பழங்காலத்தவர் கரையைத் தாழ்ந்த பக்கத்தில், அதாவது பெரும்பாலும் கிழக்கிலோ வடகிழக்கிலோ போட்டார்கள். எனவே காலையில் கரைமேல் நின்று ஏரியைப் பார்ப்பவருக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கிறது. திட்டும் பறவையும் நேர் ஒளியில் துலங்குகின்றன. மாலையில் அதே இடத்தில் ஒளி எதிரே வருவதால் பறவை கரிய நிழலுருவாகிவிடும். பாசனத்துக்காகப் போட்ட கரை படக்காரருக்கு இப்படி உதவுகிறது.

கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது கேமரா அல்ல, தொலைநோக்கி. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட ஒன்று ஏரிக்குப் போதும். படத்துக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500-ல் ஒரு பங்கு போதுமானது. பறக்கும் ஆலாவுக்கு 2000-ல் ஒரு பங்காவது தேவை. ஏரியில் அடிக்கடி நேரும் தொல்லை வெள்ளைக் கொக்கு. கருத்த தண்ணீரைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டிவிடும்; கொக்கின் இறகெல்லாம் வெளுத்து அடையாளமற்றுப் போகும். ஒளி அளவை ஒரு படி வரை குறைத்து வைத்தால் இறகின் அடுக்கு தெரியும். வெளிர்வானத்துக்கு எதிரே நீர்க்காகம் என்றால் இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். வெயில் ஏறிய பிறகு நீர்மேல் எழும் வெப்பக் காற்று அலையலையாக நெளிந்து, எட்டத்துப் பறவையின் உருவத்தைக் குழப்பிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தாண்டாது. அந்த நேரத்தில் கேமராவை மூடிவிட்டுக் குறிப்பெழுதுவது மேல்.

குறையும் ஒளியையும் நெளியும் காற்றையும் காரணம் காட்டித் திட்டுக்கே போய்விடத் தோன்றும். அங்கேதான் இந்தக் கலையின் எல்லை வருகிறது. மனிதர் திட்டில் கால் வைத்தால் தாய்ப்பறவை எழும். நிழல் விலகிய முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் தமிழ்நாட்டு வெயிலில் நெடுநேரம் தாங்காது. காகமும் பருந்தும் காலியான கூட்டுக்காகவே காத்திருக்கும். மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சை நாரைகள் கீழே இறங்கி வளர்ப்பதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதை மட்டுமல்லாமல், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லின் பொருளுக்குள் அடக்குகிறது. துப்பாக்கி ஏந்தியவரையும் கூட்டுக்குக் கிட்டே போகக் கிளையை ஒதுக்கிய படக்காரரையும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்தச் சட்டம் கடுமையானதாகத் தோன்றலாம். விளைவைப் பார்த்தால் அது நியாயமானதே.

கூட்டைப் படமெடுக்கும் ஆசை பழையது. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் முட்டையோடு கூடிய கூட்டைப் படமெடுத்தார்கள். 1895-ல் முழுக்கப் புகைப்படங்களைக் கொண்டு பறவைக் கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டார்கள். பறவைக்குத் தெரியாமல் கிட்டே போக, உள்ளீடற்ற மாட்டுத் தோலுக்குள் கேமராவோடு ஒளிந்தார்கள். அன்றைக்கு லென்ஸ் எட்டாது, வேறு வழியில்லை. இன்று அந்தக் காரணம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வழிகாட்டி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தார். சென்னையில் வாழ்ந்து, கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்து, பல பாகங்களைக் கோத்துத் தாமே உருவாக்கிய கேமராவைச் சூப்பர் பாண்டரோசா என்று அழைத்தார். வேடந்தாங்கலின் நீர்ப்பறவைகளைப் பற்றிக் கூர்ந்து எழுதியவரும் அவரே. பறவை எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் படமே அவருக்கு நல்ல படம். அழகான கழுத்து மட்டும் சட்டகத்தை நிறைக்கும் இன்றைய படங்களை விட, திட்டும் மரமும் தண்ணீரும் சேர்ந்து தெரியும் படம் அறிவுக்கு அதிகம் தருகிறது என்பதை அவருடைய படங்களைப் பார்த்தவர் உணர்வார். எட்ட நிற்பதால் நேரும் இழப்பு நினைப்பதைவிடக் குறைவு.

திட்டை நெருங்கிப் பார்க்க முறைப்படுத்திய வழிகளும் உண்டு. கர்நாடகத்தில் காவிரி நடுவே சிறு தீவுகளால் ஆன ரங்கனதிட்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-ல் சரணாலயம் ஆனது. அங்கே வனத்துறைப் படகில் பார்வையாளர் திட்டுகளைச் சுற்றி வரலாம், இறங்க முடியாது. அதே மாநிலத்தின் பத்ரா அணையில் கோடையில் நீர் இறங்கியதும் வெளிப்படும் மொட்டைத் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிடுகின்றன. அவற்றையும் படகிலிருந்தே படமெடுக்கிறார்கள். ஒரே பாதையில், ஒரே வேகத்தில் தினமும் வரும் படகுக்குப் பறவை பழகிவிடும். மிதிபடகில் ஆளுக்கொரு திசையில் திட்டை நோக்கி வரும் கூட்டத்துக்குப் பழகாது. புறநகர் ஏரிகளில் படகுச் சவாரி நடத்துகிறவர்கள் திட்டைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டி எல்லை வகுத்தால் படகும் பறவையும் இணங்கிப் போகும்.

புதிதாகத் திட்டு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது சரிவு. ஏரியை ஒரே ஆழமாகத் தோண்டி, நடுவில் செங்குத்தான மேடு எழுப்பினால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டுமே பயன் பெறும். கொக்கும் நாரையும் உள்ளானும் முழங்கால் அளவு நீரில் நடந்து இரை தேடுபவை. அவற்றுக்கு மெல்லச் சரியும் சேற்று விளிம்பு வேண்டும். கொள்ளளவைக் கூட்டும் ஆர்வத்தில் இந்த விளிம்பை இழந்த ஏரிகள் பல. மரங்களில் நாட்டுக் கருவேலம், கடம்பு, நீர்மருது ஆகியவை தண்ணீரில் நின்று தாங்கும். சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டியதுதான். ஆனால் கூடு இருக்கும் மாதங்களில் வெட்டாமல், மாற்று மரம் வளர வளர அகற்ற வேண்டும். கழிவுநீரைத் தடுக்காமல் திட்டு மட்டும் போட்டால் பயன் குறைவு. கொரட்டூர் ஏரியைக் காக்கக் குடியிருப்போர் ஆண்டுக்கணக்காகப் போராடிவருவது கழிவுநீரைத் தடுக்கவே. கழிவு சேர்ந்தால் ஆகாயத்தாமரை பரவி நீர்ப்பரப்பை மூடுகிறது. மீனும் நத்தையும் குறைந்து பறவை வேறிடம் தேடுகிறது.

கோடையில் கதை மாறுகிறது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் உட்படச் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முழுதாக வறண்டன. அவ்வளவு கொடிய ஆண்டு அல்லாவிட்டாலும் ஏப்ரல், மே மாதங்களில் ஏரியின் உட்பரப்பு வெடித்துக் காய்ந்து, திட்டுவரை நடந்து போகலாம் என்று ஆகிவிடும். மரத்துப் பறவைகள் போய்விட்டதால் அங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்தக் காய்ந்த தரையில்தான் செம்மூக்கு ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் முட்டையிடுகின்றன. கூழாங்கல்லுக்கும் ஆள்காட்டியின் முட்டைக்கும் வேற்றுமை தெரியாது. தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும் ஆள்காட்டி, முட்டை அருகில் இருப்பதற்கு அடையாளம். வந்த தடத்திலேயே கரைக்குத் திரும்புவது பாதுகாப்பு.

பார்த்ததை ஏரியின் பெயர், தேதி, நேரம், இனம், எண்ணிக்கை என்று எழுதி ஈபேர்ட் போன்ற பொதுத் தளத்தில் சேர்த்தால் அது ஆய்வாளருக்கும் பயன்படும். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் வீட்டருகே இருக்கும் ஏரியிலிருந்தே கலந்துகொள்ளலாம். கூடு இருக்கும் சரியான இடத்தை மட்டும் பொதுவில் வெளியிடாமல் இருப்பது பறவை பார்ப்போர் கடைப்பிடிக்கும் வழக்கம்.