ஆபீஸ் ப்ராக்ஸிக்கு உங்களைப் பத்தி என்னவெல்லாம் தெரியும்?

இன்னும் சில மாசத்துல நம்மள்ல பல பேர் கையில கம்பெனி கொடுத்த லேப்டாப் இருக்கும். அதுல ஜிமெயில் திறப்போம், பேங்க் பேலன்ஸ் பார்ப்போம், சிலர் அடுத்த வேலையும் தேடுவோம். இது எல்லாமே பெரும்பாலும் நடுவுல ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாத்தான் போகும். அந்த சர்வருக்கு எவ்வளவு தெரியும்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்ச நாட் வேற, இது வேற. நாட், பாக்கெட்டில் உள்ள முகவரியையும் போர்ட்டையும் மாற்றி அனுப்புகிறது, அவ்வளவுதான். கனெக்ஷன் உங்களுக்கும் வெப்சைட்டுக்கும் நடுவிலேயே இருக்கும். ப்ராக்ஸியில் இரண்டு தனித்தனி கனெக்ஷன்கள்: உங்களிடமிருந்து ப்ராக்ஸி வரை ஒன்று, அங்கிருந்து வெப்சைட் வரை இன்னொன்று. கடைக்கு நீங்க போகாம, சீட்டு எழுதி ஒரு அண்ணன்கிட்ட கொடுத்து வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி. கடைக்காரருக்கு அந்த அண்ணனைத்தான் தெரியும். அதனாலதான் ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் கூகுளை ஸ்க்ரேப் பண்ணினா, மொத்த ஃப்ளோருக்கும் கேப்ட்சா வருது.

இது ஆரம்பிச்சது வேவு பார்க்கிறதுக்கு இல்ல. சுவிட்சர்லாந்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் வெப் சர்வர் 1994-லேயே ப்ராக்ஸியாகவும் வேலை செய்தது. இன்றும் ஓடுகிற ஸ்குவிட் 1996-ல் வந்தது. அதோட 3128 போர்ட்டை நீங்க எங்கயாவது பார்த்திருப்பீங்க. அப்போ பேண்ட்விட்த் ரொம்ப காஸ்ட்லி. 50 பேர் ஒரே பக்கத்தைக் கேட்டா, முதல் ஆளுக்கு எடுத்த காப்பியையே மத்த 49 பேருக்கும் கொடுத்துடலாம். இப்போ கிட்டத்தட்ட எல்லா சைட்டும் ஹெச்டிடிபிஎஸ் ஆனதால் இந்தப் பயன் பெருமளவு போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது கட்டுப்பாடும் லாகும்தான்.

ஹெச்டிடிபிஎஸ் சைட்டைத் திறக்கும்போது, ப்ரௌசர் ப்ராக்ஸிக்கு ‘கனெக்ட்’ என்று ஒரு கட்டளை அனுப்புகிறது. ‘இந்த சைட்டோட 443 போர்ட்டுக்கு ஒரு வழி போட்டுக் கொடு’ என்பதுதான் அதன் அர்த்தம். அதற்குப் பிறகு போவதெல்லாம் என்க்ரிப்ட் ஆன பைட்டுகள். அண்ணன் கையில இருக்கிறது இப்போ ஒட்டின கவர், மேல கடை பேர் மட்டும் இருக்கு. ஆக லாகில் விழுவது நேரம், உங்க யூசர்நேம் அல்லது ஐபி, சைட்டோட பேர், எத்தனை பைட். நீங்க நௌக்ரி சைட்டுக்குப் போனது தெரியும், எந்த வேலையைப் பார்த்தீங்கன்னு தெரியாது. இன்காக்னிட்டோ போட்டாலும் இந்த லாக் மாறாது. அது உங்க லேப்டாப் ஹிஸ்டரியை மட்டும்தான் மறைக்கும்.

இதுவரைக்கும் பரவாயில்ல. ஆனா பல ஆபீஸ்கள்ல கவரையே பிரிப்பாங்க. ஸ்குவிட்டில் இதற்கு எஸ்எஸ்எல் பம்ப் என்று பெயர். நீங்க கேட்ட சைட்டின் பெயரில் ப்ராக்ஸியே அந்த நொடியில் ஒரு சர்ட்டிஃபிகேட் தயாரித்து, ஆபீஸோட சொந்த ரூட் சர்ட்டிஃபிகேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். சாதாரணமா ப்ரௌசர் இதைப் பார்த்தா பெரிய வார்னிங் காட்டும். ஆனா லேப்டாப்பை உங்ககிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஐடி டீம் அந்த ரூட்டை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருப்பாங்க. எந்த வார்னிங்கும் வராது. இப்போ முழு யூஆர்எல், தேடின வார்த்தை, டைப் பண்ணின பாஸ்வேர்ட் எல்லாமே ப்ராக்ஸிக்குள் ஒரு கணம் வெளிப்படையாக இருக்கும்.

மால்வேரும் ஹெச்டிடிபிஎஸ்லதான் வருது, கம்பெனி ஃபைல் வெளிய போறதும் அதுலதான். அதனால பிரிச்சுப் பார்க்கிறதுல நியாயம் இருக்கு. என்னைக் கேட்டா, சேரும்போதே அதை வாய்விட்டுச் சொல்லணும். நாற்பது பக்க பாலிசியில் ஒளிச்சு வைக்கிறது சொன்னதா ஆகாது.

அவங்க சொல்லலைன்னாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம். அட்ரஸ் பார் ஓரத்தில் இருக்கும் ஐகானை அழுத்தி, சர்ட்டிஃபிகேட்டைத் திறந்து, வழங்கியது யார்னு பாருங்க. அதே சைட்டை உங்க மொபைல் டேட்டாவிலும் திறந்து ஒப்பிடுங்க. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் கம்பெனி பேரோ ஃபயர்வால் தயாரிப்பாளர் பேரோ இருந்தா, கவர் பிரியுதுன்னு அர்த்தம். ஒரு சைட்டோட நிறுத்தாதீங்க. பேங்க் சைட்டுகளை மட்டும் பிரிக்காம விடுற ஆபீஸ்களும் உண்டு.

டெவலப்பரா சேர்றவங்களுக்கு இன்னொரு தலைவலி. ப்ரௌசர் நல்லா ஓடும், ஆனா பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ், நோட் மாதிரி சிலது சர்ட்டிஃபிகேட் எரர் அடிக்கும். ஏன்னா அவை தங்களுக்கென்று தனி நம்பிக்கைப் பட்டியல் வெச்சிருக்கு, ஆபீஸ் ரூட் அதுல இல்ல. கூகுள் பண்ணினா ‘வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணு’ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. பண்ணாதீங்க. அப்புறம் காபி ஷாப் வைஃபைல நடுவுல எவன் உட்கார்ந்தாலும் உங்க கோட் அவனை நம்பிடும். ஐடி டீம்கிட்ட ரூட் சர்ட்டிஃபிகேட் ஃபைலைக் கேட்டு வாங்கி, அந்த டூலுக்கு அதோட பாத்தைக் காட்டுங்க. பத்து நிமிஷ வேலை.

அப்புறம், லோக்கல்ஹோஸ்ட்ல நீங்க ஓட்டுற ஆப்பைத் திறந்தா ப்ராக்ஸியோட எரர் பக்கம் வருதா? நோ ப்ராக்ஸி லிஸ்ட்ல லோக்கல்ஹோஸ்ட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ரிக்வெஸ்ட் ப்ராக்ஸிக்குப் போயிடும், அதுக்கு லோக்கல்ஹோஸ்ட்னா உங்க லேப்டாப் இல்ல, அதுவேதான்.