மறுபடியும் விழுந்துடுச்சா ஃபில்லிங்?

தயிர் சாதத்தில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. அரிசியில் கல் என்று நினைத்துத் துப்பிப் பார்த்தால், பல் நிறத்தில் ஒரு துணுக்கு. நாக்கு தானாகப் போய்க் கீழ்க் கடைவாய்ப் பள்ளத்தைத் துழாவியது. ஒன்றரை வருடத்தில் மூன்றாவது முறை!

முதல் இரண்டு முறையும் நான் சொன்னது ஒன்றுதான்: "டாக்டர், விழுந்துடுச்சு, திரும்ப அடைச்சு விட்டுடுங்க." அவரும் அடைத்துவிட்டார். மூன்றாவது முறை வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டார்: "ஏன் விழுதுன்னு யாராவது பார்த்தாங்களா சார்?"

ஒட்டு ஏன் விடுகிறது?

அந்தக் கால வெள்ளி ஃபில்லிங் பல்லோடு ஒட்டுவதில்லை. வாய் குறுகி அடி அகன்ற பானை மாதிரி பல்லைக் குடைந்து, அதில் இறுக்கி வைப்பார்கள். இப்போது வைக்கும் பல் நிற ‘காம்போசிட்’ ஒட்டி நிற்கிற சரக்கு. பெரும்பாலும் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் தடவிக் கழுவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல்லில் உண்டாகும். ஒட்டுப்பசை அதற்குள் இறங்க, நீல ஒளி அதைக் கெட்டியாக்கும். அமிலத்தால் இப்படி ஒட்டவைக்கலாம் என்று 1955-ல் காட்டியவர் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர்.

இந்த வேலைக்கு நடுவே எச்சில் பட்டால், ஈரச் சுவரில் பெயின்ட் அடித்த கதைதான். நாக்கும் எச்சிலும் புரளும் கீழ்க் கடைவாயில் இந்தத் தொல்லை அதிகம். பல்லை மட்டும் வெளியே நீட்டி மற்றதை மூடும் ரப்பர் விரிப்பு 1864-லேயே வந்துவிட்டது. "அதைப் போட்டுச் செய்வீர்களா?" என்று நாம் தாராளமாகக் கேட்கலாம்.

வேறு காரணங்களும் உண்டு. ஃபில்லிங்கின் ஓரத்தில் புதிதாகச் சொத்தை அரித்திருக்கலாம்; அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஈறை ஒட்டிய பள்ளம் என்றால், பிரஷ்ஷைக் குறுக்காக அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தைச் சந்தேகிக்கலாம். அந்த இடத்துக்குப் பல்லோடு வேதியியல் முறையில் பிடித்துக்கொள்ளும் ‘கிளாஸ் அயனோமர்’ சிமென்ட் பல நேரம் பொருந்தும். பல்லின் சுவர்களில் பாதிக்கு மேல் போயிருந்தால், எந்த ஃபில்லிங்கும் அதிக நாள் தாங்காது. அங்கே கேப் போடுவதுதான் சரி. முதலில் செலவு அதிகம்தான். ஆனால், நாலு முறை அடைத்த காசைக் கூட்டிப் பாருங்கள்!

விழுந்த அன்று...

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். மறுபக்கம் மெல்லுங்கள். இனிப்பு, ஐஸ், சூடான காபி அந்தப் பக்கம் வேண்டாம். வலி இல்லையே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மூடியில்லாத பள்ளத்தில் சொத்தை நரம்பை நோக்கி இறங்கும். விழுந்தது கேப் என்றால் பத்திரமாக எடுத்துப் போங்கள், திரும்ப ஒட்ட முடியலாம். உடைந்த ஃபில்லிங் துணுக்கால் பயனில்லை.

கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கினால் ஈறு வெந்துபோகும். கிராம்புத் தைலம் வலியைத் தணிக்கும். ஆனால் அதிலுள்ள யூஜினால், காம்போசிட் இறுகுவதைக் கெடுக்கக்கூடியது. தடவியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவே சிரமமானாலோ அன்றே போக வேண்டும்.

நீலத் தாள் சொன்னது

என் கதைக்கு வருகிறேன். புதிதாக அடைத்த பிறகு அந்த டாக்டர் மெல்லிய நீலத் தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்க... அப்படியே பக்கவாட்டுல தேய்ங்க" என்றார். கண்ணாடியில் காட்டினார். மற்ற பற்களில் மங்கலான புள்ளிகள்; ஃபில்லிங் மேல் மட்டும் அழுத்தமாக ஒரு நீலத் திட்டு. அந்த மேட்டைத் தேய்த்துச் சமன் செய்தார். பிறகு என் முன்பற்களின் தட்டையான விளிம்பைக் காட்டி, "ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?" என்றார். எனக்கெப்படித் தெரியும்? வீட்டில் கேட்டேன். "அரவை மில் ஓடுற மாதிரி கேட்கும். உங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவீங்க" என்றாள் மனைவி.

இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய் இருக்கும் இடத்தில் உறை குழிந்து தேய்ந்திருந்தது. அத்தனையும் முன்பு என் ஃபில்லிங் வாங்கிய அடி.