தரித்து நிற்கும் கப்பலும் வளி மாசடைதலும்

மாணவர்களே, துறைமுகத்தில் தரித்து நிற்கும் கப்பலின் பிரதான இயந்திரம் நிறுத்தப்பட்டாலும் விளக்குகள், பம்பிகள், குளிரூட்டிய கொள்கலன்கள் என்பவற்றுக்கு மின் தேவை. இதற்காகத் துணை மின்பிறப்பாக்கிகள் எரிபொருளைத் தகனம் செய்கின்றன. வெளியேறும் கந்தகவீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், நுண்துணிக்கைகள் என்பன துறைமுகத்தை அண்டி வாழ்வோரின் சுவாசத்தைப் பாதிக்கின்றன.

கரையிலிருந்து மின்வடம் மூலம் கப்பலுக்கு மின் வழங்கினால் இப்பிறப்பாக்கிகளை நிறுத்தலாம். சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகம் 2000 ஆம் ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் 2004 ஆம் ஆண்டிலும் சரக்குக் கப்பல்களுக்கு இவ்வாறு மின் வழங்கத் தொடங்கின.

கவனிக்க: அம்மின் நிலக்கரியிலிருந்து பெறப்பட்டால் மாசு முற்றாக நீங்காது, அதில் ஒரு பகுதி மின் நிலையத்திற்கு இடம்மாறும். நீர், காற்று, சூரிய சக்தியிலிருந்து பெறப்படும்போதே முழுப்பயன் கிட்டும். விடை எழுதும்போது நன்மையுடன் இந்நிபந்தனையையும் குறிப்பிடுக.