நாற்றமும் நறுமணமும்

ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கருவாடு பொரிக்கும் நாள் ஒரு தனியான நாளாகும். குளிருடைகள் யாவும் அறைக்குள் வைத்துப் பூட்டப்படும். தொடர்மாடிக் கதவின் கீழ் இடைவெளியில் ஈரத்துணி செருகப்படும். வெளியே பனி கொட்டினாலும் யன்னல் திறக்கப்படும். பொரித்து முடிந்ததும் சாம்பிராணிப் புகை எழும். ஊரில் அயலவரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இன்றைக்கு என்ன சமையல்?” என்று கேட்க வைத்த மணம், இங்கே மறைக்கப்படவேண்டிய குற்றமாகிவிட்டது. இதனைப் பார்த்து வளரும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மதிய உணவுப் பெட்டியை வகுப்பில் திறவாமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும். இடியப்பமும் சொதியும் வேண்டாம், பாண் போதும் என்று சொல்லும். நாம் அதனை உருசி மாற்றம் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது வெட்கம்.

இந்த வெட்கத்துக்கு நான் கண்ட மருந்து சற்று விநோதமானது. பிறருடைய ‘நாறும்’ உணவுகளைத் தேடிச் சென்று உண்பதே அம்மருந்து. இதனை எனக்குக் காட்டியவர், ஊரில் என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர். அவர் புவியியல் ஆசிரியர். ஒரு நாட்டை அறிவதற்குத் தேசப்படம் பாதி, சந்தை மீதி என்பது அவருடைய கொள்கை. வாரவிடுமுறைகளில் நகரத்தின் சந்தைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவார். எந்தக் கடையில் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்களோ, அந்தக் கடைக்குள் முதலில் நுழைவார்.

எங்கள் முதற் பயணம் ஸ்பெடைனா வீதியிலுள்ள சீனர் கடைத்தெருவுக்கு. அங்கே டூரியன் பழம் வாங்கினோம். மலாய் மொழியில் ‘டுரி’ என்றால் முள். பலாப்பழத்தின் தூரத்து உறவினன்போலத் தோன்றினாலும், அதன் முட்கள் கையைக் கிழிக்கக்கூடியவை. தென்னிலங்கையின் ஈரவலயத்திலும் இம்மரம் வளர்கிறது. எனினும் வடக்கில் பிறந்த எங்களுக்கு அது அந்நியம். சிங்கப்பூரின் சுரங்க ரயில்களில் இப்பழத்தைக் கொண்டுசெல்லக் கூடாது என்று படம் போட்டே அறிவித்திருக்கிறார்கள். ஆனால், அல்பிரட் ரசல் வொலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை விஞ்ஞானி 1869இல் வெளிவந்த தமது மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில் இப்பழத்தை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்.

பழத்தைப் பிளந்ததும் அழுகிய வெங்காயமும் எரிவாயுவும் கலந்தாற்போன்ற ஒரு வீச்சம் எழுந்தது. நான் பின்வாங்கினேன். நண்பர் சொன்னார்: “மாஸ்ரர், மூக்கிடம் கேட்க வேண்டாம்; நாக்கிடம் கேளும்.” சுளையை வாயிலிட்டேன். வட்டிலப்பத்தைப் போன்ற மென்மை; கனிந்த பலாச்சுளையின் இனிப்பு; அடியில் மெல்லிய வெங்காயச் சுவை. இரண்டாவது சுளையை நானாகவே எடுத்தேன். மூன்றாவது சுளையின்போது அந்த வீச்சம் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருந்தது.

இந்த வீச்சத்தின் காரணத்தைச் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2017இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். டூரியனின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்தபோது, கந்தகச் சேர்வைகளை உண்டாக்கும் மரபணு ஒன்று அதில் பல பிரதிகளாகப் பெருகியிருக்கக் கண்டார்கள். வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் நெடியைக் கொடுப்பவையும் கந்தகச் சேர்வைகளே. நாள்தோறும் உள்ளி தாளிக்கும் நாங்கள் டூரியனைக் கண்டு முகஞ்சுளிப்பது சற்று வேடிக்கையன்றோ?

அடுத்த பயணம் கென்சிங்ரன் சந்தைக்கு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத அகதிகளும் குடியேறிகளும் தள்ளுவண்டிகளோடு தொடங்கிய சந்தை அது. பின்னர் போர்த்துக்கேயர், கரீபியர், சீனர், இலத்தீன் அமெரிக்கர் என்று ஒவ்வோர் அலையாக மக்கள் வந்து, தத்தம் வாசனைகளை அங்கே விட்டுச் சென்றிருக்கிறார்கள். அங்கே ஒரு பாற்கட்டிக் கடையில் நீலப் பூஞ்சணம் படர்ந்த துண்டொன்றை நண்பர் கேட்டு வாங்கினார். பிரான்சின் றொக்ஃபோர் என்னும் ஊரின் குகைகளில், செம்மறியாட்டுப் பாலில் செய்து முதிரவைக்கப்படுவது அது. அந்தப் பெயரை வேறெவரும் பயன்படுத்தாவண்ணம் 1925இலேயே பிரெஞ்சு அரசு சட்டப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. எங்கள் வீட்டில் பூஞ்சணம் பிடித்த பாணைக் குப்பையில் எறிகிறோம். அங்கே பூஞ்சணத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது.

‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்று எம்மவர் சொல்வர். பழகப் பழகப் புளித்த பாலும் இனிக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

இதில் மூக்கைவிட மனமே பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2005இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே வாசனையை முகரக் கொடுத்து, ஒரு தடவை ‘செடார் பாற்கட்டி’ என்றும் இன்னொரு தடவை ‘உடல் நாற்றம்’ என்றும் பெயர் காட்டினார்கள். பாற்கட்டி என்ற பெயரோடு வந்தபோது இனிமையானது என்று சொன்ன அதே வாசனையை, மற்றப் பெயரோடு வந்தபோது விரும்பத்தகாதது என்றார்கள். நம் மொழியே இதற்கு ஓர் உதாரணம். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. பூவுக்கும் நாற்றம் இருந்தது. இன்று அச்சொல் துர்நாற்றத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. பூ மாறவில்லை, சொல்லின் மதிப்பு மாறிற்று.

நாம் ‘எங்கள் சுவை’ என்று மார்தட்டும் பலவும் பழக்கத்தால் வந்தவையே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையில் கால் வைத்ததன் பின்னரே அது எங்கள் அடுப்படிக்கு வந்தது. அதற்கு முன் நமது உறைப்பு மிளகு. மிளகைப்போல உறைக்கும் காய் என்பதால் அதனை மிளகாய் என்றோம். முதன்முதலில் அதனைக் கடித்த தமிழர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். மரவள்ளியும் அவ்வாறு வந்ததே. இன்று இவ்விரண்டும் இல்லாத ஒடியற்கூழை எவரும் கூழென்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

இலங்கையர் அறிந்த இன்னோர் உதாரணம் மார்மைற். மதுவடிசாலையில் எஞ்சும் மதுவத்திலிருந்து 1902 முதல் இங்கிலாந்தில் தயாரிக்கப்படும் கரிய பசை அது. விரும்புவோர் ஒரு பாதி, வெறுப்போர் மறு பாதி என்பதையே 1996 முதல் தன் விளம்பரமாக்கிக்கொண்டது. ஆனால் 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது, போசாக்கற்று மெலிந்த மக்களுக்கு அதே பசை கொடுக்கப்பட்டது. அன்று அது அவர்களுக்கு மருந்தாயிற்று.

ஆயினும் எல்லா வெறுப்பும் பழக்கக் குறைவால் வருவதன்று. கொத்தமல்லி இலை சிலருக்குச் சவர்க்காரம்போல இருக்கும். இதற்கும் மணம் அறியும் மரபணு ஒன்றுக்கும் தொடர்பிருப்பதாக 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. அதே ஆண்டில் எங்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 20 முதல் 29 வயதுடையோரிடம் இவ்விலையைப் பற்றி விசாரித்து வெளியிட்ட கணக்கு சுவையானது. கிழக்காசியரில் 21 சதவீதத்தினரும், ஐரோப்பிய வம்சாவளியினரில் 17 சதவீதத்தினரும் அதனை வெறுத்தனர். தெற்காசியரில் வெறுத்தவர்கள் 7 சதவீதம் மட்டுமே. பிறப்பும் பழக்கமும் சேர்ந்தே நாக்கை ஆக்குகின்றன. ஆகவே சாப்பிட மறுக்கும் பிள்ளையை அதட்டுவது பயனற்றது.

பழக்கம் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறது என்பதும் வியப்புக்குரியது. பிலடெல்பியாவில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டிய காலத்திலோ தாய்மார் கரட் சாறு அருந்தியிருந்தால், அவர்களின் குழந்தைகள் கரட் கலந்த உணவுக்கு முகஞ்சுளிப்பது குறைந்திருந்தது. 1982இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய பாற்கட்டி வகைகள் கொடுக்கப்பட்டன. எதனைக் கூடுதலான தடவைகள் சுவைத்தார்களோ, அதனையே கூடுதலாக விரும்பினார்கள். ஒரு தடவை துப்பியதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதே இதன் பாடம்.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். பலருடைய உணவை உண்ட நண்பர், ஒரு கோடையில் தம் தொழிற்சாலைத் தோழர்களைக் கூழ் குடிக்க அழைத்தார். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, கயர்ப்பு நீங்க நீரை வடித்து, மீன்தலை, நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, செத்தல்மிளகாய் யாவும் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சினார். மணம் தெருமுனை வரை போயிற்று. யன்னலை அவர் மூடவில்லை. வந்தவர்களுள் ஒருவர் ஒரு வாய் குடித்துக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். இன்னொருவர் நண்டை மட்டும் எடுத்து உண்டார். பிலிப்பைன்ஸ் தோழரோ மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். தம் நாட்டிலும் கருவாடும் நொதித்த இறாற் கூட்டும் உண்டென்றும், தம் மனைவியும் தொடர்மாடியில் அவற்றை ஒளித்தே பொரிப்பதாகவும் சொன்னார். நண்பரின் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூழை அருவருத்து வந்த அந்தப் பிள்ளை, அன்று தானும் ஒரு கோப்பை எடுத்து வந்து அவர்களோடு அமர்ந்தாள்.

நமக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முதியோர் கூட்டுறவுக் குடியிருப்பொன்றில், தெற்காசிய வம்சாவளிப் பெண்ணொருவரின் சமையல் மணத்தைப் பற்றி முறைப்பாடு எழுந்தது. 2004இல் அம்மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் அப்பெண்ணின் பக்கமே தீர்ப்பளித்தது. தன் இனத்துக்குரிய உணவைச் சமைப்பது அவருடைய பரம்பரையின் வெளிப்பாடு என்று அது கருதியது. ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டமும் குடியிருப்பு விடயத்தில் இனம், பரம்பரை என்பவற்றின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. எனினும் சட்டம் வெளியாரின் வாயைத்தான் அடக்கும். எங்கள் பிள்ளையின் மனத்திலுள்ள கூச்சத்தை அது அகற்றாது.

அதனை அகற்ற நண்பரின் வழி எளியது. புதிய உணவை, அதனை உண்டு வளர்ந்தவரோடு சேர்ந்து உண்ண வேண்டும். எப்படி உண்பது, எதனோடு சேர்ப்பது என்பதை அவரே அறிவார். சிறிதளவு எடுத்து, வேறு வேறு நாட்களில் மூன்று தடவையாவது சுவைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ‘எனக்குப் பழக்கமில்லை’ என்று சொல்லலாம். ‘சீ’ என்று மட்டும் சொல்லக்கூடாது. சைவ உணவினரும், சமயத்தாலோ ஒவ்வாமையாலோ விலக்கு உடையோரும் தம் வரம்புக்குள் நின்றே இதனைச் செய்யலாம். பாவற்காயும் நொதித்த சோயாவும் அவர்களுக்குப் போதிய சாகசம்.

பிறருடைய கோப்பையைப் பார்த்துச் ‘சீ’ என்று சொல்லாத பிள்ளை, தன் கோப்பைக்காக வெட்கப்படுவதும் குறையும். எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் ஸ்காபரோப் பூங்காக்களில் கூடிக் கூழ் காய்ச்சும் வழக்கம் உண்டு. வரும் கோடையில் ஒவ்வொரு குடும்பமும் வேற்றினத்து அயலவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் என்ன? அவர் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாலும் பாதகமில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டு உணவைச் சுவைக்க நாமும் பிள்ளைகளோடு போகலாம்.