கல்யாண நாளுக்கு வீட்டிலேயே ஸ்பெஷல் டின்னர்: ₹425-ல ஒரு காஸ்டிங் ஷீட்!



வரி, இன்சூரன்ஸ், எஸ்ஐபின்னு பேசுற ஆடிட்டர் திடீர்னு சமையலுக்கு வந்துட்டாரேன்னு பார்க்காதீங்க. இதுவும் பட்ஜெட் பதிவுதான். சம்பளம் வாங்குற இளம் ஜோடிகளோட கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்ல நான் அடிக்கடி பார்க்குற ஒரு வரி இருக்கு. பிறந்தநாள், கல்யாண நாள், காதலர் தினம் வந்த வாரத்துல ஒரு பெரிய ரெஸ்டாரண்ட் பில். அந்த ஒரு பில்லால யாரும் கடனாளி ஆகிறதில்ல. ஆனா பெரும்பாலும் அது யோசிக்காம போன செலவு. அதனாலதான் இந்தப் பதிவு.

நம்ம திருப்பூர் வீரபாண்டி பக்கம் நிலைமை தெரியும்ல? ஒருத்தர் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், இன்னொருத்தர் அக்கவுண்ட்ஸ் அல்லது ஸ்கூல் டீச்சர். ஷிப்மெண்ட் வாரம்னா ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் வீடு. ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடைச்சா அதுவே பண்டிகை. அந்த ஒரு நாளையும் பல்லடம் ரோடு டிராஃபிக்லயும் ஓட்டல் வெயிட்டிங் லிஸ்ட்லயும் கழிக்கணுமா, வீட்டுலயே ஜோரா கொண்டாடலாமாங்கறதுதான் கேள்வி. காஸ்டிங் ஷீட் போட்டுப் பார்த்துடலாம் வாங்க.

முதல்ல வெளியே சாப்பிடுற கணக்கு

ஓரளவு நல்ல ஏசி ரெஸ்டாரண்ட்ல ரெண்டு பேருக்கு சூப், ஒரு ஸ்டார்ட்டர், ரெண்டு மெயின் டிஷ், ஒரு ஐஸ்கிரீம். ₹1,500-ன்னு வெச்சுக்குவோம். 5% ஜிஎஸ்டி ₹75. பெட்ரோல், பார்க்கிங் ₹100. வரும்போது பூ, கேக், காபின்னு ஒரு ₹225. மொத்தம் ₹1,900. இது உதாரணக் கணக்குதான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

பில் கைக்கு வந்ததும் மூணு விஷயம் பாருங்க:

1. சாதாரண ரெஸ்டாரண்ட்டுக்கு ஜிஎஸ்டி 5% தான். 2017 நவம்பர் 15-லேர்ந்து இந்த ரேட். பெரிய ஹோட்டல் வளாகத்துக்குள்ள இருக்குற ரெஸ்டாரண்ட்டுன்னா 18% வரலாம்.

2. கடை காம்போசிஷன் திட்டத்துல இருந்தா உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லிலேயே அதைப் போட்டிருக்கணும்.

3. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில இதுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல அது செல்லும்னு சொல்லிருச்சு. எடுக்கச் சொல்லுங்க. எடுக்க மாட்டேன்னா 1915-க்கு கூப்பிடுங்க.

'வெளியே போகல, ஆப்ல ஆர்டர் பண்ணிக்கறோம்'னு சொல்றவங்களுக்கும் கணக்கு இருக்கு. சாப்பாட்டுக்கு அதே 5%. 2022 ஜனவரி 1-லேர்ந்து அதை வசூலிச்சுக் கட்ட வேண்டியது ஆப் கம்பெனி. அதுக்கு மேல பேக்கிங் சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ, டெலிவரி ஃபீ. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து அந்த டெலிவரி ஃபீக்கும் 18% ஜிஎஸ்டி. ஆப்ல போட்டிருக்குற விலையே கடை மெனு விலையைவிடக் கூட இருக்கறதும் உண்டு. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாருங்க.

இதுல நிஜமான ஆபத்து எதுன்னா, இந்த ₹1,900-ஐ கார்டுல தேய்ச்சுட்டு 'மினிமம் டியூ' மட்டும் கட்டறது. நிறைய கார்டுகள்ல வட்டி மாசத்துக்கு 3%-க்கு மேல, அதாவது வருஷத்துக்கு 36%-ஐத் தாண்டுது. வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. பாக்கி வெச்சிருக்குற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. சாப்பிட்டது ஒரு மணி நேரம், வட்டி கட்டறது நாலு மாசம்னா நியாயமா?

இப்ப வீட்டு மெனு

ரொமான்டிக் டின்னர்னதும் யூடியூப்ல பாஸ்தா, சீஸ், சாக்லேட் லாவா கேக்னு தேடாதீங்க. பழக்கமில்லாத சமையல்னா பொருளும் விலை, சொதப்பவும் வாய்ப்பு அதிகம். நம்ம கொங்கு சமையல்லயே விசேஷமானதும், செலவு கம்மியானதும், உடம்புக்கு ஓரளவு நல்லதுமான ஒரு செட் இருக்கு:

• கொள்ளு ரசம் (சூப்புக்குப் பதிலா)
• பள்ளிபாளையம் சிக்கன் (சைவம்னா அதே முறையில காளான்)
• அரிசிம்பருப்பு சாதம்
• வெள்ளரி, கேரட், தக்காளி சாலட், மேல எலுமிச்சை
• இளநீர், வழுக்கையோட

பள்ளிபாளையம் எங்கேயோ இல்லீங்க, ஈரோட்டுக்கு எதிர்க்கரை, காவிரிக்கு அந்தப் பக்கம், நாமக்கல் மாவட்டம். அந்த ஊர் பேர்ல கொங்கு நாடு பூரா ஓட்டல்ல கிடைக்குற இந்த சிக்கனுக்கு கரம் மசாலா கிடையாது, மல்லித்தூள் கிடையாது, தக்காளி கிடையாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், மஞ்சள், எண்ணெய், அவ்வளவுதான். காஸ்டிங் பார்க்குறவனுக்குப் பிடிச்ச ரெசிபி!

காஸ்டிங் ஷீட் (ரெண்டு பேருக்கு, தோராயமா)

• கோழி அரை கிலோ – ₹140
• சின்ன வெங்காயம் – ₹20
• தேங்காய் – ₹15
• எண்ணெய், வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் – ₹25
• அரிசி, துவரம் பருப்பு – ₹30
• நெய் – ₹10
• கொள்ளு, பூண்டு, மிளகு, சீரகம், ரசத்துக்குத் தக்காளி – ₹20
• சாலட் காய், எலுமிச்சை – ₹30
• இளநீர் 2 – ₹80
• கேஸ் – ₹15
• மல்லிப்பூ – ₹40
மொத்தம் ₹425

சின்ன வெங்காயம் விலை ஒரு மாசம் இருக்குற மாதிரி அடுத்த மாசம் இருக்காது. ₹50 முன்னப்பின்ன ஆகலாம். காலையில நேரத்துலயே உழவர் சந்தைக்குப் போயிட்டா காய் பிரெஷ்ஷாவும் இருக்கும், விலையும் போர்டுல எழுதியிருக்கும். நெய்க்கு ஊத்துக்குளி நம்ம மாவட்டம்தானே, வெண்ணெய் வாங்கி வீட்டுல உருக்கினா வாசனையே தனி. பிரெஷ் காய்கறிக்கும், பாக்கெட் போடாத சில்லறை அரிசி பருப்புக்கும் ஜிஎஸ்டி கிடையாது. நெய், வெண்ணெய்க்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 12% லேர்ந்து 5% ஆயிடுச்சு.

செய்முறை, சுருக்கமா

*கொள்ளு ரசம்:* கால் கப் கொள்ளை முந்தின நாள் ராத்திரியே ஊற வையுங்க. குக்கர்ல ஏழெட்டு விசில். வெந்த தண்ணியை வடிச்சு, அதுல ஒரு கரண்டி கொள்ளை மட்டும் அரைச்சுக் கலந்து, தக்காளி, துளி புளி, தட்டின மிளகு சீரகம் பூண்டு போட்டு நுரை கட்டினதும் இறக்கிடுங்க. மீதி கொள்ளு வீணாகாது. மறுநாள் கடைஞ்சு சோத்துக்குப் போட்டுக்கலாம்.

*பள்ளிபாளையம் சிக்கன்:* ரெண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். எட்டு வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிட்டுப் போடுங்க. விதை போயிட்டா நிறம் வரும், காரம் அடங்கும். கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம் போட்டு கண்ணாடி மாதிரி வதக்கி, மஞ்சள், உப்பு, சின்னதா வெட்டின கோழி. தண்ணி ஊத்தாதீங்க, கோழியே விடும். அடுப்பைக் குறைச்சு மூடி போட்டு 20 நிமிஷம். நல்லா வெந்ததும் தேங்காய்ப் பல்லு போட்டு, மூடி இல்லாம தீயைக் கூட்டி, சுருள வதக்கி இறக்கணும்.

*அரிசிம்பருப்பு:* முக்கால் கப் அரிசி, கால் கப் துவரம் பருப்பு, மூணு கப் தண்ணி. கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள் தாளிச்சு அதே குக்கர்ல மூணு விசில். சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு ஸ்பூன் நெய்.

*இளநீர்:* வழுக்கையைப் பொடியா நறுக்கி இளநீர்லயே போட்டு, துளி ஏலக்காய். சர்க்கரை வேண்டாம். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல.

ஹெல்தியா இது?

ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல, 2,000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், கொழுப்பு 27 கிராம், காய்கறி 400 கிராம்னு கணக்குப் போட்டிருக்காங்க. நாம சிக்கனுக்கு ஊத்தின ரெண்டு டேபிள்ஸ்பூன் கிட்டத்தட்ட 27 கிராம். ஆளுக்குப் பாதி. தேங்காயும் நெய்யும் இருக்கறதால தாளிப்புக்கு எண்ணெயை சொட்டு சொட்டா ஊத்துங்க. தட்டுல பாதி இடம் சாலட்டுக்கு விட்டுடுங்க. சாதம் ஒரு தடவைதான், ரெண்டாவது ரவுண்டு கிடையாது. வீட்டுல சமைக்கறதோட பெரிய லாபமே எண்ணெய், உப்பு, சர்க்கரை மூணும் நம்ம கையில இருக்கறதுதான்.

ஷீட்ல விட்டுப்போன ஒரு வரி

₹425-ன்னு சொன்னேன். ஒரு நல்ல மெர்ச்சண்டைசர் இந்த ஷீட்டைப் பார்த்ததும் கேட்டிருப்பாங்க: "சார், துணி இருக்கு, டிரிம்ஸ் இருக்கு, சிஎம்டி எங்க?"

சரியான கேள்வி. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் கூலியை ஜீரோன்னு போட்டு எந்த பனியன் கம்பெனியும் பையருக்குக் கொட்டேஷன் கொடுக்காது. ஆனா வீட்டுச் சமையலுக்கு மட்டும் நாம எல்லாரும் அப்படித்தான் போடுறோம். சந்தைக்குப் போறது, உரிக்கறது, நறுக்கறது, சமைக்கறது, பாத்திரம் கழுவறது, அடுப்பு துடைக்கறது. இந்த மெனுவுக்கு எல்லாம் சேர்த்து மூணு மணி நேரம் ஆகும். சின்ன வெங்காயம் உரிச்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வே என்ன சொல்லுதுன்னா, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யுற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்கு சராசரியா 289 நிமிஷம் செலவழிக்கறாங்க. ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்யுற ஆண்களோட சராசரி மட்டும்தான். செய்யறவங்களே நாலுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல.

அதனால அண்ணன்மார்களே, தம்பிகளே, ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. 'செலவு மிச்சம், வீட்டுலயே செஞ்சுக்கலாம்'னு நீங்க சொல்லிட்டு சோபாவுல ரீல்ஸ் பார்த்துட்டிருந்தா, ₹1,475 மிச்சமாகல. அந்தச் செலவை உங்க மனைவி கணக்குக்கு மாத்தி எழுதிட்டீங்க, அவ்வளவுதான். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து சமைக்கறவங்களுக்கு, ஏழாவது நாளும் சமையல்னா அது எப்படி ஸ்பெஷல் ஆகும்?

வேலையைப் பிரிச்சுக்கோங்க. தினமும் யார் சமைக்கறாங்களோ, அன்னைக்கு அவங்க உதவியாளர், மத்தவர்தான் மெயின் மாஸ்டர். சந்தை, வெங்காயம் உரிக்கறது, சிக்கன், பாத்திரம் நாலும் மாஸ்டர் வேலை. ரசம், சாலட் மட்டும் உதவியாளருக்கு. சிக்கன்ல கொஞ்சம் உப்பு கூடினாலும் பரவால்ல. 'இதெல்லாம் நான் செஞ்சிருந்தா...'ன்னு ஆரம்பிக்காதீங்க. பிரிச்சுக்க முடியாத நிலைமைன்னா, தயவுசெஞ்சு வெளியே போயே சாப்பிடுங்க. அந்த ₹1,900 நியாயமான செலவு. ஆடிட்டரா நானே பாஸ் பண்ணிடறேன்.

லைன் வீடு, அத்தை மாமா, ஹாஸ்டல்

எல்லாருக்கும் தனி வீடும் டைனிங் டேபிளும் இருக்காது. லைன் வீட்டுல பக்கத்துச் சுவர்ல டிவி சத்தம் கேட்கும். கூடவே அத்தை, மாமா, குழந்தை இருப்பாங்க. பெரியவங்களை விட்டுட்டு ரெண்டு பேர் மட்டும் சாப்பிடறது நம்ம வீடுகள்ல சரிப்படாது. அளவை ரெட்டிப்பா செய்யுங்க, எல்லாருக்கும் முதல்ல பரிமாறுங்க. அப்புறம் ரெண்டு தட்டை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுங்க. ஆறு பேர் சாப்பிட்டாலும் ஓட்டல்ல ரெண்டு பேருக்கு ஆகுற காசு ஆகாது.

இன்னும் கல்யாணம் ஆகல, ஹாஸ்டல்ல இருக்கேன்னு சொல்றவங்க இந்த ரெசிபியை இப்பவே பழகிக்கோங்க. பின்னாடி உதவும்!

சாப்பிடும்போது ஒரு விதி

அன்னைக்கு ராத்திரி தட்டு முன்னாடி பணம் பேசாதீங்க. இஎம்ஐ, மச்சினனுக்குக் கொடுத்த கைமாத்து, இன்க்ரிமெண்ட் எதுவும் வேண்டாம். போன் ரெண்டும் வேற ரூம்ல இருக்கட்டும்.

அதுக்காகப் பணத்தைப் பேசவே வேண்டாம்னு அர்த்தமில்ல. ரிட்டர்ன் போட வரும்போதுதான் ஒருத்தர் வாங்கின பர்சனல் லோன் இன்னொருத்தருக்குத் தெரியவருதுங்கறது இந்தத் தொழில்ல அபூர்வமில்ல. அதுக்கு மாசத்துல வேற ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்க. கடன் எவ்வளவு, பாலிசி எங்க, நாமினி யாருன்னு அன்னைக்குப் பேசுங்க. நிம்மதியா உக்காந்து சாப்பிட்டுப் பழகின ரெண்டு பேருக்கு அந்த அரை மணி நேரமும் சண்டையில்லாம போகும்.

சரி, மிச்சம் எவ்வளவு?

₹1,900-லேர்ந்து ₹425 போக ₹1,475. மாசம் ஒரு தடவை இப்படிச் செஞ்சா வருஷத்துக்கு ₹17,700. இதை 30 வருஷம் எஸ்ஐபி போட்டா கோடீஸ்வரன்னு தம்ப்நெயில் போட எனக்கு விருப்பமில்ல. ₹17,700 பெரிய சொத்து இல்ல. ஆனா எமர்ஜென்சி ஃபண்டே இல்லாத வீட்டுக்கு அது நல்ல ஆரம்பம். டெர்ம் பாலிசி எடுக்காம தள்ளிப் போட்டுட்டிருந்தா, பிரீமியத்துல பெரும்பகுதி இதுலயே வந்துடும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜிஎஸ்டியும் கிடையாது.

வர்ற ஞாயிறு ஷிப்மெண்ட் இல்லன்னா, சனிக்கிழமை ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கால் கப் கொள்ளை ஊறப் போட்டுடுங்க. அதை ஊறப் போடற கை, வழக்கமா சமைக்காத கையா இருக்கட்டும்.